கிழக்கே பாயும் மேசை

காலைக் காப்பி குடித்த கையோடு செல்லதுரை மேசையின் மேற்கு ஓரத்தில் நின்று ஆட்காட்டி விரலை நீட்டுவார். பேட்டரி, மின்சாரம் தரும் பெட்டி, பேசவும் கேட்கவுமான ரேடியோ, முள் ஆடும் மீட்டர், இரண்டு குமிழ் வைத்த ட்யூனர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டபடி கிழக்கு ஓரத்துக்கு வருவார். அங்கிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று சன்னல் வழியாக வெளியேறி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய ஏரியல் கம்பிக்குப் போகிறது. அதன் திருகை இறுக்கிப் பார்த்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்.

முத்துப்பேட்டைப் பக்கம் கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை எழுதி முறையாக உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர். இந்தப் பெட்டிகளில் தலை எது வால் எது என்று பக்கத்து வீட்டுக்காரனான எனக்குப் புரியவில்லை என்றதும் மனிதருக்குப் பரம சந்தோஷம்.

"டெல்டாக்காரருக்கு இது புரியலைன்னா எப்படி சார்? தண்ணி மேற்கேர்ந்து கிழக்கதானே ஓடுது? பவர் சப்ளைதான் மேட்டூரு. ரேடியோ கல்லணை. ட்யூனர் நம்மூரு மதகு. கேபிள் வாய்க்கால், ஏரியல் வயலு. வயலு வாங்காத தண்ணி எதுத்துக்கிட்டுத் திரும்பி வந்தா மீட்டர் முள்ளு சொல்லிடும். ஏரியலை மாட்டாம பேசினா, கீழ்மதகை மூடி வச்சுட்டு மேல்மதகைத் தொறந்த கதைதான். கரை பிச்சுக்கும்."

ஒரு முறை அப்படிக் கரை பிய்த்துக்கொண்டு ரேடியோவுக்குள் புகை கிளம்பியதாம். விரல் நீட்டும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

பேசி முடித்ததும் "ஓவர்" சொல்லும் பழக்கம் வீட்டுக்குள்ளும் தொற்றிக்கொண்டது. "இன்னொரு காப்பி கிடைக்குமா, ஓவர்" என்று அறையிலிருந்து குரல் போகும். "தூள் தீந்துபோச்சு, ஓவர்" என்று பதில் வரும். அவர் மனைவி அம்சத்துக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

இத்தனை ஏற்பாடும் இப்போது ஒரே ஒரு ஆளுக்காக. தரங்கம்பாடி ஜெக்கரியாவும் இவரைப் போலவே வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் பழைய சிநேகிதர். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது; ஒரு கையும் சரியாக வரவில்லை. தினமும் பேசிப் பழகினால்தான் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொல்லியும், மனிதர்களைக் கண்டால் வாய் திறப்பதில்லை.

போனில் பேசலாமே என்றேன்.

"போன்ல 'ம்'னு சொல்லி வச்சிடுறான் சார். அவன் ஒரு வார்த்தைய தேடுறதுக்குள்ள நாம எடுத்துக் கொடுத்துடுறோமில்ல, அதுல கூசிப்போறான். ரேடியோல அவன் மைக் பட்டனை அமுக்கியிருக்கற வரைக்கும் நான் குறுக்க பேசவே முடியாது. தேடித் தேடி அவனே எடுத்துக்கிறான்."

எனக்கு அவர் மேல் அளவில்லாத பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

இதற்கிடையில் மகள் சுடர்விழி தலைப்பிரசவத்துக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. குளியலறையோடு சேர்ந்தது ரேடியோ மேசை இருந்த அந்த ஒரு அறைதான்.

"பிள்ளை பெத்துக்க வர்றவளை எங்க படுக்க வைக்கிறது? உங்க கல்லணை மேலயா?" என்றார் அம்சம்.

செல்லதுரைக்கு முகம் செத்துவிட்டது. நாலு நாள் பேச்சு விட்டுப்போனால் ஜெக்கரியா மறுபடியும் ஊமையாகிவிடுவான் என்று என்னிடம் புலம்பினார். ரேடியோவை வேறெங்கே வைப்பது? மாடியில் வெயில், கொல்லையில் மோட்டார் இரைச்சல். கடைசியில் சமையல் மேடையில் பாதியை அம்சமே துடைத்துக் கொடுத்தார்.

அங்கே பிளக் பாயின்ட் கிழக்குச் சுவரில், சன்னல் மேற்கில். காவேரி திரும்பி ஓட வேண்டியதாயிற்று. முதல் நாள் காலை நானும் போயிருந்தேன். செல்லதுரையின் விரல் பழக்கப்படி மேற்கிலிருந்து புறப்பட்டுக் கிழக்கு ஓரத்தில் போய் நின்றது. அங்கே இருந்தது பேட்டரியின் திருகு. அதை இறுக்கித் திருப்திப்பட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஏங்க," என்றார் அம்சம், இட்லிப் பானையிலிருந்து திரும்பாமலே. "கீழ்மதகு மூடியிருக்கு."

கேபிள் மாட்டப்படாமல் சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்லதுரை அசடு வழிந்தபடி அதைத் திருகினார். சற்று நேரத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது.

"தொரை... இன்னிக்கி... சட்டை..."

அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். மிக்சியில் தேங்காயும் மிளகாயும் அரைபடத் தயாராக இருந்தன. அதை ஓடவிட்டால் ரேடியோவில் கரகரப்பைத் தவிர வேறொன்றும் கேட்காது. வயிற்றைத் தாங்கியபடி சுடர்விழி தட்டோடு வந்து நின்றாள். "அம்மா, பசிக்குது. சட்னி?"

"சட்டைப்... பொத்தான்..." என்றது குரல். "நானே..."

அம்சம் சத்தமில்லாமல் மகளின் தட்டில் இட்லிப்பொடியைக் கொட்டினார். பிறகு மிக்சியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஜெக்கரியா பேசி முடிக்கும்வரை அதைக் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.