ஐஸ்பெட்டியில் உறங்கிய விதை

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு பூவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். யோசிப்பதற்கு நாட்டில் வேறு எவ்வளவோ இருந்தது. சந்திக்குச் சந்தி இந்திய ஆமிக்காரர் நின்றார்கள். நான் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் போவேனா மாட்டேனா என்று தெரியாமல் வீட்டோடு கிடந்தேன். ஆனால் புத்தூரில் எங்கள் வளவுக்குள் வந்து, மத்தியான வெயிலில் கிணற்றடி வாழை நிழலில் கண் சொருகும் நேரத்தில், ஊதா நிறத்தில் ஒரு பூவைத் தவிர உலகத்தில் வேறொன்றும் மிச்சமில்லை என்பதுபோல் இருக்கும். அம்மா, "உவள் பாதி நாள் கனவிலைதான் சீவிக்கிறாள்" என்று ஏசுவார். உண்மைதான்.

பூ எங்களிடம் இல்லை. படம்தான் இருந்தது. நோர்வேயிலிருந்து என் அக்கா அனுப்பிய விதைப் பைக்கற்றின் முன்பக்கத்துப் படம். கொலம்பைன் என்பது பெயர். தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். வெளியிதழ் ஊதா, உள்ளே வெள்ளை, இதழ்களின் பின்பக்கம் கொம்புபோல நீண்டு நுனியில் வளைந்திருக்கும். எங்கள் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் ஒளிவுமறைவில்லாத பூக்கள், முகத்தை நேரே காட்டும். இது எதையோ மறைத்து வைத்திருக்கும் பூ. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல அடக்கமான பூ" என்றார். அனுப்பியவளிடம் அந்தக் குணம் மருந்துக்கும் கிடையாது என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்கா பட்டினத்து டியூட்டரியில் கூடப் படித்த குருநகர்ப் பெடியன் ஒருவரை விரும்பினாள். அவர் முதலில் நோர்வேக்குப் போனார், பின்னால் அவளும் போய்ச் சேர்ந்து அங்கேயே கலியாணம் செய்துகொண்டாள். அத்தான் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிற குடும்பம். தகப்பனுக்கு மீன் வியாபாரம். எங்கள் வீடோ மீன் மச்சம் ஏறாத வீடு. அயலில் மீன் பொரிக்கும் வாசம் வந்தால் அப்பா எழும்பிப் போய் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வருவார். அவள் போன நாளிலிருந்து அவளுடைய பெயரை அவர் சொன்னதில்லை. யாராவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று என்னைக் காட்டுவார். எனக்கு அப்போதெல்லாம் எங்காவது ஓடி ஒளிய வேண்டும்போல் இருக்கும்.

லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பைக்கற்றைக் கொண்டுவந்து தந்தார். அம்மா அதை அப்பாவின் கையில் வைத்தார்.

"அவள் அனுப்பினவள். எத்தினை காலத்துக்கு உப்பிடி இருக்கப்போறியள்? அவளோடை ஒரு சொல்லுக் கதையுங்கோவன்."

அப்பா பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உது பூக்கட்டும். பூத்த அண்டைக்குக் கதைக்கிறன்" என்றார்.

அவர் அதை மறுப்பாகத்தான் சொன்னார். வெள்ளைக்காரன் நாட்டுப் பூ எங்கள் செம்மண்ணில் பூக்கவா போகிறது என்ற தைரியம். அம்மாவோ அதை வாக்காக எடுத்துக்கொண்டார். அப்பா கடும்பிடிக்காரர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. ஆக, பூ பூத்தால் அக்காவுக்குத் தகப்பன் திரும்பக் கிடைப்பார், பூக்காவிட்டால் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூவுக்காக எங்கள் மூவரிலும் அதிகம் பாடுபட்டவர் அப்பாதான்.

முதல் வேலையாக அவர் விதையை அடுப்புச் சாம்பலில் பிரட்டினார். பழைய வேட்டித் துண்டில் பொட்டலமாகக் கட்டி, குசினியில் அடுப்புக்கு நேர் மேலே, புகை படும் இடத்தில் தொங்கவிட்டார். எங்கள் பக்கத்தில் நல்ல விதைக்குச் செய்யும் மரியாதை அது. கத்தரி, பயிற்றை, பூசணி எல்லாம் அந்தப் புகையிலும் சூட்டிலும் இருந்துதான் அடுத்த போகத்துக்கு இறங்கி வரும். பூச்சி அண்டாது. அந்தப் பொட்டலத்துக்கு அப்பா நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அம்மா புட்டு அவிக்கும்போது நான் பக்கத்தில் குந்தியிருந்து அண்ணாந்து பார்ப்பேன். ஆவியும் புகையும் சேர்ந்து மேலே போய் அதைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே ஊதா நிறம் மெல்ல ஊறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

புரட்டாதியில் முதல் மழை விழுந்ததும் பாதி விதையை இறக்கிக் கிணற்றடியில் பாத்தி கட்டிப் போட்டார். வெங்காயம் நட்ட தறைக்குப் போகுமுன் அதைப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். பார்க்கவில்லை என்பதுபோல் பார்ப்பார். கோரை முளைத்தது. கீரை முளைத்தது. எங்கிருந்தோ ஒரு தக்காளியும் முளைத்தது. பூவைக் காணவில்லை. வீட்டில் எல்லோருடைய முகமும் வாடிப்போனது. அதிகம் வாடியது அப்பாவின் முகம்.

ஐப்பசியில் அக்காவிடமிருந்து ஒரு கசெட் வந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிந்து, வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அம்மா ரேப் றெக்கோடரை விறாந்தையில் வைத்ததும், அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார். அக்காவின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, தூரத்தில் யாரோ பெரிய வெறும் அறைக்குள் இருந்து பேசுவதுபோல. சுகம் விசாரித்தாள், சமையலைப் பற்றிச் சொன்னாள். பிறகு விதைக்கு வந்தாள்.

"அம்மா, அந்த விதையைச் சும்மா போட்டால் முளையாது. இஞ்சை அது மாரி முழுக்கப் பனிக்குள்ளை கிடந்து நித்திரை கொள்ளும். நல்லாக் குளிர் பட்டால்தான் அதுக்கு முழிப்பு வரும். சூடு மட்டும் காட்டிப்போடாதேங்கோ."

கொட்டிலில் சாணி வழித்துக்கொண்டிருந்த மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. அவளுடைய குரல் முடியும்வரைக்கும் அது திரும்பக் கேட்கவில்லை.

அம்மா வாயில் கையை வைத்தார். "ஐயோ, நாங்கள் அதை அடுப்புக்கு மேலையெல்லோ கட்டி வைச்சனாங்கள்!" என்றார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்கோ, பனிக்குள் நித்திரை கொள்ளும் விதை என்ற அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றும்போது தெரியும் குளிரை மட்டுமே அறிந்தவள் நான். படுக்கையில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, வெள்ளையாக, சத்தமில்லாமல், முடிவில்லாமல் விழும் ஏதோ ஒன்றின் அடியில் கிடப்பதாக நினைத்துப் பார்ப்பேன். சில நாள் அப்படியே உறங்கியும் போவேன்.

அடுத்த நாள் காலை அப்பா மாட்டைப் பார்த்து, "ஐஸ் எங்கை எடுக்கலாம்?" என்றார். மாடு ஒன்றும் சொல்லவில்லை. அச்சுவேலிக் கூல்பாருக்குப் போய் விசாரித்தார். அங்கே கறண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் குளிர்ப்பெட்டிக்குள் கடைக்காரர் உடுப்பு மடித்து வைத்திருந்தாராம். திரும்பி வந்து களைத்துப்போய் இருந்தவரிடம், அம்மா மரக்கறி நறுக்கியபடியே, தலை நிமிராமல் சொன்னார்.

"குருநகரிலை மீனுக்கு ஐஸ் போடுற பெட்டியள் இருக்குதாம்."

யாருடைய பெட்டி என்று அம்மா சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. அதன் பிறகு சில நாட்கள் அவர் குசினிக்குள் வந்து பொட்டலத்தை அண்ணாந்து பார்ப்பதும் போவதுமாக இருந்தார். ஒரு காலையில் மிச்ச விதையை இறக்கி, சாம்பலைக் கழுவி, ஈர மணலோடு பால்மாத் தகரப்பேணி ஒன்றுக்குள் போட்டு மூடினார். என்னைப் பார்த்து, "வெளிக்கிடு" என்றார்.

வழியில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினான். அப்பாவின் பேணியைக் கண்டதும் அவனுக்கு முகம் மாறிவிட்டது. துவக்கை நீட்டிக்கொண்டு திறக்கச் சொன்னான். அப்பா திறந்தார். மணல். அவன் விரலை விட்டுக் கிண்டினான், மணந்து பார்த்தான், இந்தியில் ஏதோ கேட்டான். அப்பா பதிலுக்கு என் கொண்டையைத் தொட்டுக் காட்டி, "பூ, பூ" என்றார். அவனுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டான். ஈரமணலைப் பத்திரமாகச் சுமந்து திரியும் இந்தக் கிழவனுக்கு விசர் என்று நினைத்திருப்பான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த விசரை நினைத்து அன்றைக்கு எனக்கு அப்பாவில் இருந்த அன்பைச் சொல்லி மாளாது.

அத்தானின் வீடு கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. வீட்டு வாசலில் அத்தானின் தாய் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அதுவரை அவரை நாங்கள் படத்தில்கூடக் கண்டதில்லை, ஆனாலும் அவருக்கு எங்களைத் தெரிந்தது. "வாங்கோ, உள்ளை வந்து இருங்கோ" என்றார். அப்பா கதிரையின் நுனியில் இருந்தார். அந்த அம்மா தேத்தண்ணீர் போடப் போகவில்லை. பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி இரண்டு சோடா வாங்குவித்து, எங்கள் கண்முன்னால் மூடியைத் திறந்து, போத்தலோடு தந்தார். தன் வீட்டுக் கோப்பையில் வாய்வைக்க மாட்டாதவருக்கு எதைக் கொடுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா சோடாவைக் குடித்தார்.

பிறகு பேணியை நீட்டினார். "இதைக் கொஞ்ச நாளைக்குக் குளிரிலை வைக்கவேணும்."

"தெரியும், மகன் சொல்லி விட்டவர்" என்றார் அவர். எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மரத்தூள் அடைத்த பெரிய மரப்பெட்டி. மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகைபோல ஒன்று எழும்பி எங்கள் முகத்தில் பட்டது. உடைத்த ஐஸின் மேல் பாரை மீன்கள் கண்ணைத் திறந்தபடி கிடந்தன. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மூக்கைப் பொத்தவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. பேணியைத் தன் கையாலேயே ஐஸுக்குள் புதைத்து, மேலே இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார். கையை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். விரல்கள் சிவந்துபோயின.

தை பிறந்த பிறகு பேணியை எடுக்கப் போனோம். அந்த அம்மா ஐஸ் கரையக் கரையப் போட்டு, ஊரடங்கு போட்ட நாட்களிலும் எங்கேயோ தேடி வாங்கிப் போட்டு வைத்திருந்தார். திரும்பவும் கடைக்கு ஆள் அனுப்பப் பார்த்தவரை அப்பா மறித்தார். "சோடா வேண்டாம். தேத்தண்ணி இருந்தால் தாங்கோ" என்றார். பஸ்ஸில் வரும்போது பேணி மீன் மணத்தது. அப்பா அதை மடியில் வைத்திருந்தார்.

மாசியில் முளைத்தது. முதலில் இரண்டு சின்ன இலை, பிறகு கொத்தமல்லி இலையைப் பெருப்பித்ததுபோல், நீலம் பாரித்த பச்சையில், மூன்று மூன்றாக. தண்ணீர் தெளித்தால் ஒட்டாது, இலைமேல் முத்தாக உருளும். விடியலில் பாத்தியைச் சுற்றி நாங்கள் மூவரும் குந்தியிருப்போம். என் வாழ்நாளிலேயே ஆகச் சந்தோஷமான காலம் அது என்று இப்போதும் நினைக்கிறேன். அம்மா, பூத்ததும் முதல் பூவைப் பிள்ளையாருக்கு வைப்பதா அக்காவின் படத்துக்கு வைப்பதா என்று பெரும் யோசனையில் இருந்தார்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியது. அப்பா ஓலையால் பந்தல் போட்டார். ஈரச் சாக்கு விரித்தார். மதியத்தில் வயலை விட்டு வந்து கிணற்றுத் தண்ணீர் தெளித்தார். இலைகள் விளிம்பில் பழுத்து, சுருண்டு, ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு மொட்டு வரவில்லை. சித்திரையில் பாத்தி வெறும் பாத்தியாகிவிட்டது. அம்மா அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அப்பா சொன்ன சொல்லை மாற்றாதவர்.

ஒரு பின்னேரம் அவர் கால் கழுவிவிட்டு வந்து, "நாளைக்குப் பட்டினம் போறம். நோர்வேக்குக் கோல் எடுக்கவேணும்" என்றார்.

அம்மா திகைத்துப்போய், "அது பூக்கேல்லையே?" என்றார்.

"பூக்கேல்லை எண்டுதான் சொல்லப்போறன்."

பட்டினத்தில் ஒரு கடையில் காசு கட்டிப் பதிந்துவிட்டு, எங்களைக் கூப்பிடும்வரை மர வாங்கில் காத்திருந்தோம். கோல் கிடைத்ததும் கடைக்காரர் றிசீவரை நேரே அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். அப்பா அதைக் காதில் ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "ஹலோ, அம்மாவே?" என்றாள் அக்கா.

"பிள்ளை" என்றார் அப்பா. "உன்ரை பூக்கண்டு பட்டுப்போச்சு."

அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"முளைச்சது. நல்ல இலை விட்டது. வெயிலைத் தாங்கேல்லை. நானும் என்னெல்லாமோ செய்து பார்த்தனான்."

"அப்பா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு அழுதுகொண்டே, "அதுக்கென்னப்பா, இஞ்சை வாசலிலை எவ்வளவு நிக்குது. நான் ஒண்டும் செய்யிறேல்லை. முழங்கால் மட்டுக்குப் பனி மூடிக் கிடக்கும், பிறகு தானா எழும்பி வரும்" என்றாள்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். றிசீவரை இப்போது காதோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"முழங்கால் மட்டுக்கோ?" என்றார். "உனக்குக் குளிரேல்லையே, பிள்ளை?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.