சந்தனம் இறங்கிய டயர்

எங்கள் அம்பாசடர் கார் வருஷத்துக்கு ஏழெட்டு முறை வெளியே வந்தால் அதிகம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க, சொந்தத்தில் கல்யாணம் என்றால் போய்வர, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் ராஜபாளையத்தில் எங்கள் தகரக் கொட்டகைக்குள் நிற்கும். டயர் மாட்டி எட்டு வருஷம் ஆகியும் தரையில் படுகிற பட்டன் தேயாமல் புதுசு போலவே இருந்தது. அதில் எனக்குக் கர்வம் வேறு.

பஞ்சர் கடைக்காரர் போன புரட்டாசியிலேயே சொன்னார். "அண்ணாச்சி, பட்டனைப் பாக்காதீய, பக்கவாட்டுல பாருங்க. நின்ன எடத்துலயே காஞ்சு போச்சு. மாத்திருங்க."

"ஓடாத டயரு எப்படிய்யா கெட்டுப்போகும்? ஒன் யாவாரத்துக்கு என் தலைதான் கெடச்சுதா?" என்று கத்திவிட்டு வந்தேன். என் வாய் அப்படி.

அடுத்த சித்திரையில் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "பிள்ளைத்தாச்சியப் பஸ்ஸுலயா குலுக்கிக் கூட்டிட்டு வருவேன்? நம்ம காரு எதுக்கு இருக்கு?" என்று சம்பந்தியிடம் ஒரு மாதம் முன்பே பீற்றியிருந்தேன்.

அன்று காலை மனைவி நாலு டயருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். கும்பிடக் குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். முன்பக்க இடது டயரில் சந்தனம் உள்ளே இறங்கிக் கோடு கோடாகத் தெரிந்தது. நகத்தை வைத்தேன். நகம் வெடிப்புக்குள் போனது. ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்துவிட்டு, "எம்புட்டுச் சந்தனத்த அப்பிருக்க!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். வாடகைக் கார் பிடித்திருக்கலாம். சம்பந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. சாவியை எடுத்தேன்.

சம்பந்தி வீட்டுத் தெருவில் இடது பக்கம் சுவரை ஒட்டியபடி காரை நிறுத்தினேன். புறப்படும்போது காரைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்தினேன். மகள் முன்சக்கரத்தின் அருகே வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றுவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன்.

சம்பந்தி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகர்ந்து பழம் 'பட்'டென்று நசுங்கியதும் நான் "ஐயோ!" என்று அலறிப் பிரேக்கை மிதித்தேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சம்பந்தி, எலுமிச்சம்பழத்துக்கே இப்படிப் பயந்தா எப்படி?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அரை மணி நேரப் பாதை. உச்சி வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. லாரி எதிரே வந்தபோதெல்லாம், இப்போது வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்றே யோசித்தேன். பின்னால் வளையல்கள் குலுங்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தேன். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். "நடந்திருந்தாக்கூட இந்நேரம் வீடு வந்திருக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. பெருமாளே, வீடு வரைக்கும், வீடு வரைக்கும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடு வந்து சேர்ந்தோம். மனைவி ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள். மகள் சீட்டில் இருந்தபடியே மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அந்த முன்னாடி டயரு வெடிப்பு விட்டிருக்கே. ஏறும்போதே பாத்தேன். உள்ள சந்தனம் காஞ்சு கெடந்துச்சு."

"பொறவு ஏம்மா ஏறுன?"

"அம்புட்டுப் பேரு முன்னால உங்களுக்குத் தலகுனிவாப் போயிரும்லப்பா."

வழியெல்லாம் அவள் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் என் சீட்டையும் இறுகப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்தான். மேடுபள்ளத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரையும் மாற்றினேன். மகளுக்கு வலி கண்டபோது மனைவி கார் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை, வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்பினேன். டயர் புதுசுதான். என்னைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.