முரசுமோட்டை வயலில் கனடாச் சண்டை

லண்டனில் இருக்கும் என் அண்ணா பங்குனி வெய்யிலில் முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். இரண்டு சூட்கேஸில் பெரியதை யாரும் தொடக்கூடாது என்றார். அதற்குள் எனக்குச் சேலையும் என் கணவருக்குச் சப்பாத்தும் இருக்கும் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். மறுநாள் காலை அவரே திறந்தார். உள்ளே ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டும், முழங்காலோடு முடிகிற காற்சட்டையும், மூன்று பக்கமும் மடித்த கறுப்புத் தொப்பியும் இருந்தன.

"கலியாண வீட்டிலை பாண்ட் அடிக்கிறவையின்ரை உடுப்போ, அண்ணா?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "விசர்க்கதை கதையாதை பிள்ளை. இது பிரிட்டிஷ் சிப்பாயின்ரை உடுப்பு. ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதாம் ஆண்டு."

சனி, ஞாயிறுகளில் லண்டனுக்கு வெளியே ஒரு புல்வெளியில் சிலர் கூடி அந்த ஆண்டுச் சண்டைகளை நடித்துப் பார்ப்பார்களாம். அண்ணாவும் அதில் ஒரு சிப்பாய். வெள்ளைக்காரருக்கு அது வெற்றிமேல் வெற்றி வந்த ஆண்டு என்று கதிரையில் நிமிர்ந்திருந்து விளக்கினார். கனடாவில் சண்டை, ஜெர்மனியில் சண்டை, கடலில் சண்டை, மெட்ராசிலும் சண்டை.

"மெட்ராசிலையுமோ?" என்றார் என் கணவர். "உவங்கள் ஒரு நாளாவது வீட்டிலை இருக்கமாட்டாங்களோ?"

அண்ணா அதைக் காதில் போடவில்லை. கனடாவில் மலைமேல் ஒரு பட்டினம் பிரெஞ்சுக்காரரிடம் இருந்ததாம். பிரிட்டிஷ்காரர் இருட்டில் வள்ளத்தில் வந்து, செங்குத்தான கரையில் சத்தமில்லாமல் ஏறி, விடியும்போது மேலே அணிவகுத்து நின்றார்களாம்.

"அப்ப அவங்களும் கனடாவுக்குக் களவாத்தான் போனவங்கள்" என்றார் இவர். "வள்ளத்திலை போற எங்கடை ஆக்களைச் சும்மா குறை சொல்லுறாங்கள்."

அண்ணாவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். அங்கே அவரை ஒருநாளும் வெல்ல விடுவதில்லை. ஒவ்வொரு சண்டையிலும் முதல் வெடிக்கு விழுந்து, முடியும்வரை புல்லில் கிடப்பதுதான் அவருடைய வேலை. இங்கே எங்கள் வயலில் அவர் வெல்வதுபோல் ஒரு படம் எடுத்து அந்தக் கூட்டத்துக்கு அனுப்பவேண்டும். இவர் பிரெஞ்சுக்காரராக நிற்கவேண்டும், நான் போனில் படம் எடுக்கவேண்டும்.

சுடுகிறமாதிரிப் பிடிக்க மரத்தில் ஒரு துவக்குச் செய்யலாம் என்று அண்ணா சொன்னதும் இவர் எழுந்துவிட்டார். "மச்சான், இஞ்சை ஆமி கண்டால் பொய்த் துவக்கும் துவக்குதான். அந்தக் கதை வேண்டாம்." அதனால் பிரிட்டிஷ் படைக்குக் குசினியிலிருந்து கூட்டுகிற தும்புத்தடி கிடைத்தது. பிரெஞ்சுப் படைக்குக் குடை. பிரெஞ்சுக்காரர் வெள்ளை உடுப்புப் போட்டவர்களாம்; இவர் கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டார்.

புறப்படும் நேரத்தில் அண்ணா கோதுமை மா கேட்டார். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தலைமயிருக்குக் கொழுப்புப் பூசி, மேலே மா தூவுவார்களாம். கொழுப்புக்கு நான் தேங்காயெண்ணெய் கொடுத்தேன். வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் வேர்வையும் எண்ணெயும் மாவும் ஒன்றாகக் குழைந்து, தொப்பிக்குக் கீழால் காதுவரை இறங்கிவிட்டது. ஆரோ மேயவிட்ட மாடு ஒன்று அவருக்குப் பின்னால் நாக்கை நீட்டிக்கொண்டே வந்தது.

அரிவெட்டு முடிந்த வயல். அண்ணா தும்புத்தடியை நீட்டினார். நான் போனை உயர்த்தினேன்.

"இனி விழுங்கோ மச்சான்."

இவர் குனிந்து பார்த்தார். "இதிலை சாணியெல்லோ கிடக்கு."

"அங்காலை தள்ளி விழுங்கோ."

"அங்காலையும் கிடக்கு. அதோடை இது என்ரை வயல். என்ரை வயலிலை நான் ஏன் தோக்கவேணும்?"

"சரித்திரம் அப்பிடி, மச்சான்!"

"உங்கடை சரித்திரத்தைக் கனடாவிலை வைச்சுக்கொள்ளுங்கோ!"

இரண்டு பேருக்கும் உண்மையாகவே கோபம் ஏறிவிட்டது. "விழுங்கோ!" என்று அண்ணா கத்தினார், "விழமாட்டன்!" என்று இவர் கத்தினார். எனக்குச் சிரிப்பில் போன் ஆடியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு அக்கா வரம்பால் ஓடி வந்தா. அவா கண்டது, தலையில் ஏதோ வழிய, சிவப்புச் சட்டையோடு ஒரு விசரன் எங்கள் வீட்டுக்காரரைத் தடியால் குத்தப் போவதைத்தான்.

"ஐயோ, பிடியுங்கோ உவனை!" என்று கோட்டின் வாலைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தா. அண்ணா மல்லாக்கச் சாணியில் போய் விழுந்தார். மாடு உடனே வந்து அவர் நெற்றியை நக்கியது. என் விரல் அந்த நேரம் பார்த்துத்தான் போனில் பட்டது.

விசயம் தெரிந்ததும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டா. "ஐயோ தம்பி, நீங்களே! முகத்திலை மாவெண்டபடியால் தெரியேல்லை." கிணற்றடியில் நானும் அவாவுமாகத் தேசிக்காய் தேய்த்து அந்தக் களியைக் கழுவினோம். அண்ணாவுக்குப் படத்தைக் காட்டினேன். குடையோடு பிரெஞ்சுக்காரர் நிமிர்ந்து நிற்கிறார்; பிரிட்டன் சாணியில் கிடக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல வருடம்.

அக்கா தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டா: "அங்கை சண்டையிலை செத்த ஆக்கள் பிறகு என்ன செய்வினம், தம்பி?"

"எழும்பித் தேத்தண்ணி குடிப்பம், அக்கா."

"எல்லாருமோ?"

"ஓம், எல்லாரும்."

அவா வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தா. "அப்ப அது நல்ல சண்டைதான்" என்றா.

நான் குசினிக்குப் போய் நாலு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். பிரெஞ்சுக்காரருக்குச் சலரோகம், அவருக்கு மட்டும் சீனி போடவில்லை.