உடம்பெல்லாம் கண் உள்ள வண்டிக்கு நான் வைத்த பொட்டு

போன ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் காலையில், குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே "ஆயா, விஷயத்துக்கு வா" என்று அதட்டுகிறாள். வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விஷயத்துக்கு எப்படி வருவது? அதனால் முதலில் வண்டி.

வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. கருநீலம். ஏழு பேர் உட்காரலாம். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஹைவே ஓரம் என் அப்பா எனக்குக் கொடுத்த கேழ்வரகுக் காட்டைத்தான் பாக்டரி கட்ட ஒரு கம்பெனிக்காரர்கள் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் வந்த வண்டி இது. அதனால் "வண்டி அம்மா பேர்லதான்" என்று என் மகன் சொல்லிவிட்டான். பெங்களூர் ஷோரூமில் கைநாட்டு வைத்தேன். விரலில் ஒட்டிய மையைத் துடைக்க அங்கிருந்த பெண் ஒரு வாசனைக் காகிதம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை மை அப்படியே இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டியில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், கதவைத் திறந்ததும் தானாக வெளியே வரும் படிதான். என் முழங்காலுக்கு அதைவிட மரியாதை வேறு யாரும் செய்ததில்லை. சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வருகிறது. அதுவும் நல்லதுதான், சித்திரை மாதத்தில். முதுகு அமுக்கிவிடுகிறது என்றார்கள். அமுக்குகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலிக்கிற இடம் அதற்குத் தெரியவில்லை. கூரை முழுக்கக் கண்ணாடி. "ராத்திரி நட்சத்திரம் பார்க்கலாம் அவ்வா" என்றான் ஷோரூம் தம்பி, பாட்டியைக் கன்னடத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நட்சத்திரம் பார்க்க வாசலில் கட்டில் போட்டால் போதாதா? பகலில் அந்தக் கண்ணாடி வழியாக இறங்குகிற வெயிலை யார் தாங்குவது?

பின்கதவைக் காலால் உதைப்பதுபோல் ஆட்டினால் திறக்குமாம். அதைக் காட்டியபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. லட்சுமி மாதிரி வீட்டுக்கு வரப்போகிறவளைக் காலால் உதைப்பார்களா? எங்கள் வீட்டில் எல்லோரும் கையால்தான் திறக்க வேண்டும், இன்றுவரைக்கும்.

விளம்பரப் படமும் போட்டுக் காட்டினார்கள். பனிமலை மேல் ஒருத்தன் தன்னந்தனியாக வண்டி ஓட்டிப் போகிறான். பின்னால் அத்தனை சீட்டும் காலி. "ஏம்ப்பா, இவனுக்கு வூட்ல யாருமே இல்லையா?" என்று கேட்டேன். ஷோரூமே சிரித்தது. நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. ஏழு சீட்டு வண்டியை விற்கிறவன் ஏழு பேரைக் காட்ட வேண்டாமா? சீமந்தத்துக்குப் போகிற மாதிரி, மடியில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு வாழைத்தார், இப்படிக் காட்டினால் எங்கள் பக்கம் இன்னும் பத்து வண்டி போகும்.

அந்தத் தம்பி கன்னடத்தில் பேசினான். எனக்குக் கன்னடமும் வரும், தெலுங்கும் வரும். எழுத்துதான் வராது. வண்டியைச் சுற்றி வந்து, "இதுக்கு உடம்பெல்லாம் கண்ணு அவ்வா, சென்சாரு, கேமரா, யார் பக்கத்துல வந்தாலும் பார்த்துடும்" என்று ஒவ்வொரு கண்ணாகத் தொட்டுக் காட்டினான். முன் பம்பரில் காசு காசாக ஆறு. பின்னால் ஆறு. இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் ஒவ்வொன்று. முன்னால் கம்பெனி முத்திரைக்குக் கீழே ஒன்று, முன்பக்கக் கண்ணாடி உச்சியில் ஒன்று, பின்கதவுக் கைப்பிடிக்கு அடியில் ஒன்று. மொத்தம் பதினேழு. நான் மனசில் வாங்கிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. இந்தப் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இயந்திரத்தையே பார்க்க முடியாது. லேத் பட்டறை முதல் கம்பெனி பஸ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எங்கள் வண்டிக்கு நானே வைத்தேன். மருமகள் சக்கரத்துக்கும் பானெட்டுக்கும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணெல்லாம் வெறுமையாக இருந்தால் திருஷ்டி அங்கேதானே விழும்? குழைத்த சந்தனத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, கடைசியில் படுத்தே விட்டேன். பதினேழு கண்ணுக்கும் ரூபாய்க் காசு அளவு சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றையும் விடவில்லை. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை அப்படியே முன்னால் நகர்த்தி ஷெட்டுக்குள் விட்டான் மகன். கீ கீ என்று ஓயாமல் கத்தியது. சுற்றி ஆட்கள் நிற்பதால் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் வண்டியை யாரும் எடுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டேன், பேத்திக்கு நிம்மதி.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு வரிசையாக வாடகை வீடுகள் உண்டு. கடைசி வீட்டில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கல்யாணமானவள், புருஷனோடு இருந்தாள். அவன் ஓசூரில் ராத்திரி ஷிப்ட். இவள் போச்சம்பள்ளிக் கம்பெனியில் மூன்று வருஷமாக ஒப்பந்த வேலை. செல்போனுக்குள் வைக்கிற சின்னக் கேமராவைச் சரிபார்க்கிற பிரிவு. என்னை ஆச்சி என்பாள். நான் அவளை அதிகம் கண்டுகொண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மோட்டாரை அதிக நேரம் ஓடவிட்டால் சத்தம் போடுவேன், அவ்வளவுதான் எங்கள் உறவு.

அன்று காலை ஏழு மணிக்கு வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ரோட்டுக்குப் போனவள் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். கையில் நெஞ்சோடு அணைத்த ஒரு பைல்.

"என்னாடி, காலங்காத்தால?"

"ஆச்சி, இன்னைக்கு எட்டுப் பேர பெர்மனென்ட் ஆக்குதாக. ஒம்பது மணிக்குள்ள அசல் சர்டிபிகேட்டோட போய் கையெழுத்துப் போடணும். பிந்துனா அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும்னு சொல்லிட்டாக. பூஜை லீவுன்னு கம்பெனி பஸ்ஸே வரல. நான் வரும்னுல்லா நின்னுட்டேன்."

டவுன் பஸ்ஸில் கிருஷ்ணகிரி போய், அங்கே பஸ் மாறி, லீவு முடிந்து திரும்புகிற கூட்டத்தில் ஏறி ஒன்பதுக்குள் போச்சம்பள்ளி போவது நடக்காத காரியம். வாடகைக் கார் டிரைவர் போனை எடுக்கவில்லை. பூஜைக்கு ஊருக்குப் போயிருப்பான். ஊரான் பெண்டாட்டியை என் மகனின் பைக்கில் பின்னால் ஏற்றி அனுப்பவும் எனக்கு மனசில்லை. பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். அது ஆனால்தான் வீட்டுக்கு லோன், ஆஸ்பத்திரி அட்டை, ஊரில் விட்டிருக்கிற பிள்ளையைக் கூட்டி வந்து வைத்துக்கொள்கிற தைரியம். இவளுக்கும் மூன்று வயசில் ஒரு மகள், கோவில்பட்டியில் அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்தாள்.

"நம்ம வண்டி எதுக்கு இருக்குது? எடுறா" என்றேன் மகனிடம். அப்போது எனக்கு வந்த கெத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மகன் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டான். வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. டக்கென்று தானே பிரேக் போட்டு நின்றது. உள்ளே திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக என்னென்னவோ எரிந்தது. மறுபடி போட்டான். மறுபடி டக். பின்னால் ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. எங்கள் ஷெட்டோ குறுகல், முன்னால் சுவர். பின்னால் வந்தால்தான் வெளியே வர முடியும். ஷோரூமுக்குப் போன் போட்டான். "நீங்க எதையும் தொடாதீங்க சார், தூக்கிட்டு வர லாரி அனுப்பறோம், மத்தியானம் ஆகும்" என்றார்கள்.

"இவ்ளோ பெரிய வண்டி, ஷெட்ட வுட்டு வெளிய வர மாட்டேங்குது பாரு" என்று மருமகள் முணுமுணுத்தாள். எனக்கு என்னையே சொன்ன மாதிரி சுருக்கென்றது.

மகன் இறங்கி வந்து, "யாராச்சும் வண்டில கைய வெச்சீங்களா?" என்று கத்தினான். எல்லோரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன். பூஜை செய்ததைக் கைவைத்ததாக யாராவது நினைப்பார்களா?

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். அப்புறம் முன்னால் போனாள். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"இதுல பொட்டு வச்சது யாரு?"

மருமகள் என்னைப் பார்த்தாள். பேத்தி மருமகளைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நான் தப்புச் செய்தேன் என்று சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை. பூஜைக்காரர் வைத்தார் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவள் இன்னும் அந்தப் பைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"நாந்தான்" என்றேன். "எல்லாக் கண்ணுக்கும் நாந்தான் வெச்சேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டாள். "ஆச்சி, எங்க லைன்ல ஒரு தூசி விழுந்தாலே மிஷின் நின்னுரும். பூஜைக்கு மிஷின் உடம்புக்குத்தான் பொட்டு வப்போம், கேமரா பக்கம் யாரையும் விடமாட்டோம். இதுல இம்புட்டு அப்பியிருக்கு. பாவம், அதுக்குக் கண்ணு தெரியல. எல்லா பக்கமும் ஆளு நிக்குன்னு பயந்து பிரேக் போடுது."

நான் நகத்தால் சுரண்டப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள். "கீறல் விழுந்துட்டா அப்புறம் பார்வையே போயிரும். வெதுவெதுன்னு தண்ணியும் பழைய பருத்தி வேட்டியும் தாங்க." கம்பெனிக்குக் கட்டிய நல்ல சேலையோடு ஷெட்டுத் தரையில் மண்டி போட்டாள். துணியை நனைத்து வைத்து, ஊறவிட்டு, ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்தாள். தேய்க்கவே இல்லை. குழந்தைக்குக் கண்பீளை எடுக்கிற மாதிரி. ஐம்பது வருஷமாக வீடு துடைக்கிறேன், அப்படி ஒரு துடைப்பை நான் பார்த்ததில்லை. நான் பின்னாலேயே போய் "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று காட்டினேன்.

மகன் ரிவர்ஸ் போட்டான். மறுபடியும் டக்.

மணி ஏழே முக்கால். அவள் முகம் விழுந்துவிட்டது. "எல்லாம் துடைச்சாச்சே ஆச்சி."

"எத்தினி தொடச்சே?"

"பதினாறு."

"நான் வெச்சது பதினேழு." கண்ணை மூடிக்கொண்டேன். ஷோரூம் தம்பி சுற்றி வந்ததை மனசில் ஓட்டினேன். முன்னால் ஆறு சரி. பின்னால் ஆறில் நாலு நேராகப் பார்க்கும், இரண்டு மூலையில் திரும்பிப் பக்கவாட்டில் பார்க்கும். இடது மூலை, சுவரை ஒட்டினாற்போல். நான் படுத்துக்கொண்டு வைத்தது அது. காட்டினேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கையை விட்டுத் துடைத்தாள்.

வண்டி வெண்ணெய் மாதிரி பின்னால் வந்தது.

நானும் கூடவே ஏறிக்கொண்டேன். என் வண்டி, நான் இல்லாமல் போகுமா? முன் சீட்டில் அவளை உட்கார வைத்தேன். சேலை முழங்காலில் ஈரமும் சந்தனமும். குளிர்காற்றைப் போடச் சொன்னேன், காய்ந்துவிட்டது. அந்தச் சீட்டுக்கு நான் சொல்லுகிற நல்ல வார்த்தை அதுதான். போச்சம்பள்ளிக் கம்பெனி வாசலில் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது.

வண்டியைப் பார்த்ததும் கேட் காவலாளி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை, கேட்டைத் திறந்துவிட்டான். அவள் பதறிப்போனாள். "அண்ணே நிறுத்துங்க, நாங்க அந்தப் பக்கத்து வாசல் வழியாத்தான் போகணும்." என் மகன் காதிலேயே வாங்கவில்லை. ஆபீஸ் படிக்கட்டு வரை கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளேயிருந்து ஒரு அதிகாரி சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து கதவைத் திறந்தார். படி வெளியே வந்தது. அதில் கால் வைத்து இறங்கியது கழுத்தில் ஒப்பந்தத் தொழிலாளி அட்டை தொங்கிய எங்கள் கடைசி வீட்டுப் பெண்.

அதிகாரி அந்த அட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"நான் வண்டிக்காரி" என்றேன். "இது எங்க வூட்டுப் பொண்ணு. நேரத்துக்குக் கொண்டாந்துட்டேன், பாத்துக்கோங்க."

பத்து மணிக்கு மேல் அவள் வெளியே வந்தாள். புளியமரத்தடியில் நின்ற வண்டிக்குள் ஏறி, ஆர்டர் காகிதத்தை என் மடியில் விரித்து, எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த இடத்தில் என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தாள். திரும்பி வரும்போது கோவில்பட்டிக்குப் போன் போட்டு, மகளிடம் "நீ வாரியா, அம்மாகிட்ட இருக்கியா?" என்று கேட்டாள். மறுபக்கம் என்ன சொன்னதோ, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்தக் குழந்தை இப்போது எங்கள் வாசலில்தான் விளையாடுகிறது. தண்ணீர் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் நான் கேட்பதில்லை.

என் வண்டியைப் பார்த்து யார் சல்யூட் அடித்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சல்யூட் போய்ச் சேர வேண்டியது மண்டி போட்டு அதற்குப் பார்வை கொடுத்தவளுக்கு என்பதும், "நாந்தான்" என்ற ஒரு வார்த்தையை நான் இன்னும் கொஞ்ச நேரம் விழுங்கியிருந்தால் அவளுடைய மூன்று வருஷம் என் ஷெட்டுக்குள்ளேயே நின்றிருக்கும் என்பதும் எனக்கு மறப்பதே இல்லை.