தரம் ஆறில் ஒரு சர்க்கரைப் பொங்கல்

எங்கள் தரம் ஆறில் உணவு விழா வைப்பதாக முடிவெடுத்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பாசிரியன் நான். பாதிப் பேர் அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள். மீதி, தேயிலைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வேலை தேடி இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள். ஒருவர் கொண்டுவருவதை மற்றவர் தொடாமல் விட்டால் என்ன செய்வது? படித்த மனிதன் செய்யும் வேலையைச் செய்தேன்: பெற்றோருக்கு ஒரு கடிதம் அடித்தேன். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கருவாடு வேண்டாம், முட்டையும் வேண்டாம்.

"முட்டை இல்லாம வட்டிலப்பமா சேர்? அதுக்குப் பேர் கருப்பட்டித் தண்ணி" என்றார், பரிமாற உதவிக்கு வரச் சம்மதித்திருந்த ஒரு முஸ்லிம் தாய். கடைசியில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுத் தொதல் கிண்டிக் கொண்டு வந்தார்.

விழா அன்று மேசைகளை மூன்று தரம் இடம் மாற்றினேன். கரும்பலகையில் 'ஒற்றுமை' என்று எழுதினேன். சாய்ந்திருந்தது. அழித்து எழுதினேன். இம்முறை மறுபக்கம் சாய்ந்தது.

அந்தப் பள்ளித் தவணையில்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களிடம் வந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஒருவரோடும் சேராதவள். இடைவேளையில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள். அவள் பெரிய சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து, எல்லாருக்கும் தானே போடுவேன் என்று நின்றாள். துணிக்கடையில் வேலை செய்யும் அம்மா விடிய எழும்பி ஆக்கினாராம். அவள் முன்னால் வரிசை நின்றது. அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஆசிரியர்களுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. "நல்ல வாசமா இருக்கே, எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"சாமிக்குப் படைச்சிட்டுத்தான் சேர் கொண்டாந்தோம்!"

நீண்டிருந்த தட்டுகளில் பாதி சத்தமில்லாமல் பின்னுக்குப் போயின.

தொதல் கொண்டுவந்த தாய் என் காதருகே வந்தார். "கோவிச்சுக்காதீங்க சேர். படைச்சத எங்கட ஆக்கள் தின்றல்ல. வேற ஒண்டுமில்ல."

சட்டிக்குள் என்னென்ன இருக்கக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதியவன், சட்டி எந்த வழியாக வருகிறது என்று யோசிக்கவில்லை. படைத்ததைச் சாப்பிட்டே வளர்ந்தவனுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. பரிகாரமாக, சீனி வியாதிக்காரனாகிய நான் மூன்று தட்டுச் சாப்பிட்டேன். மீதிப் பேர் சாப்பிட்டும் சட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பிள்ளை மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி விடும் நேரம் கடையில் சொல்லிவிட்டு ஓடிவந்த அவள் அம்மா, வாசலிலேயே மூடியைத் திறந்து பார்த்தார்.

"இனிப்புக் கூடிருச்சாங்க சேர்?"

"இல்ல... நேரம் போதாமப் போயிட்டு..." என்று இழுத்தேன்.

"பொய் சொல்லாதீங்க சேர்" என்று குறுக்கே வந்தார் தொதல் தாய். "தங்கச்சி, உங்கட பொங்கல்ல ஒரு பிழையும் இல்ல. சாமிக்குப் படைச்சது எங்களுக்கு ஏலாது, அவ்வளவுதான். முந்தியே சொல்ல சேருக்குத்தான் தெரியல்ல."

அந்த அம்மா மூடியைத் திரும்பச் சட்டியில் போட்டார். "அவ்வளவுதானாக்கா? தோட்டத்து ஆளுங்கன்னு தொடலையோன்னு நெனச்சிட்டேன்."

நான் கரும்பலகையை அழிக்கப் போனேன்.

மறுநாள் காலை மணியடிக்குமுன் அதே சட்டி, நிறைய. "படைக்காம ஆக்குனது இதான் மொத தடவ சேர். சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், இன்னிக்குப் புள்ளைங்களுக்கு மட்டும்னு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பஸ்ஸுக்கு ஓடினார்.

முதலாம் பாடம் கணிதம். நடக்கவில்லை. வரிசை கதவைத் தாண்டிப் போயிருந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் கள்ளமாகச் சேர்ந்திருந்தார்கள். "தள்ளாம வாங்க, எல்லாருக்கும் இருக்கு!" என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தாள். போதுமா என்று நான் சட்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.