மெரேத்தேயின் மேசையில் ஏழு வகை

ஹாமார் நகரில் ஒரே மாடியில் எனக்கு எதிர் வாசல் தோருன். விவாகரத்தான பிறகுதான் அந்த இரண்டறை வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் ஏரிக்கரையோரம் பெரிய வீட்டில் இருந்தவள். புருஷன் ஐவின் நில அளவையாளர். அறுபது வயதில், பாட்டுக் குழுவில் கூடப் பாடிய மெரேத்தேயோடு போய்விட்டான். வீட்டை விற்றார்கள். அவன் தன் பங்கோடு மெரேத்தேயின் காசையும் சேர்த்து அதைவிடப் பெரிய வீடு வாங்கினான். தோருனுக்கு இது.

முப்பது வருஷம் ஐவின் குடும்பத்துக்கே கிறிஸ்துமஸ் என்றால் தோருன் வீடுதான். அவன் தங்கை குன்வோர், அவள் புருஷன், பிள்ளைகள், சித்தப்பா வகையறா என்று மேசை கொள்ளாது. டிசம்பர் பிறந்ததும் பலகாரம் ஆரம்பித்துவிடுவாள். எங்கள் ஊரில் ஏழு வகைக்குக் குறைந்தால் வீட்டுக்காரிக்குக் கௌரவக் குறைச்சல். சூடு ஆறுமுன் மரக்கூம்பில் சுருட்ட வேண்டிய மெல்லிய க்ரும்காக்கே பிஸ்கட்டில் அவள் விரல் நுனிகள் சிவந்துபோகும். பன்றிக்கொழுப்பில் பொரிக்கும் ஏலக்காய்ப் பலகாரம் ஒரு நாள், பாதாம் அரைத்துச் செய்வது ஒரு நாள். எங்களுக்குப் பெருவிருந்து இருபத்துநாலாந்தேதி மாலைதான்; அதற்கு முந்தின நாள், ரிப்பே என்கிற பன்றி விலா இறைச்சியின் தோலைக் கட்டம் கட்டமாகக் கீறி உப்பு தேய்த்து வைப்பாள். ஐவின் மேசையின் தலைப்பக்கத்தில் நின்று அதை வெட்டிப் பரிமாறுவான். பாராட்டெல்லாம் வெட்டியவனுக்குப் போகும். அவள் குழம்பைச் சூடாக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள்.

புது வீட்டுக்கு வந்த முதல் நவம்பரில் மகள் இங்வில் பேச வந்தாள்.

"அம்மா, கோபப்படாத. இருபத்துநாலாந்தேதி அப்பா வீட்ல வச்சுக்கலாம்னு இருக்கோம். முந்தின நாள் உன்கிட்ட வர்றோம்."

"இருபத்துநாலு என்கிட்டதானே எப்பவும்?"

"இங்க எத்தன பேரு உக்கார முடியும், சொல்லு? குன்வோர் அத்தை வீட்ல எல்லாரும் வர்றாங்க."

தோருன் மேசையைப் பார்த்தாள். நாலு நாற்காலி. "சரி, வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சுட்ட வாசனை மாடிப்படி முழுக்க வீசியது. நாலு பேருக்கு எதற்கடி ஏழு வகை என்று கேட்டேன். "நாலு பேருன்னா பிள்ளைங்க இல்லையா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்தச் சின்ன அடுப்பில் ஒரு தட்டுக்கு மேல் போகாது. ஒவ்வொரு தட்டாகச் சுட்டு எடுத்தாள். முந்தின நாள் மாலைக்கு அரிசிக் கஞ்சிதான் வழக்கம். இவள் கஞ்சியோடு ரிப்பேயும் வைத்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். மகன் சிந்த்ரே ஒரு துண்டு இறைச்சியை முள்கரண்டியால் தள்ளித் தள்ளி வைத்தான். "நாளைக்கும் இதேதாம்மா. வயித்துல இடம் வைக்கணும்ல." மருமகன் மட்டும் இரண்டாந்தரம் வாங்கிக்கொண்டான்.

கிளம்பும்போது சிந்த்ரே பலகாரத் தட்டைப் பார்த்தான். "அம்மா, இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போகவா? லீவுல கொறிக்க."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்சமென்ன, இருந்ததை எல்லாம் மூன்று தகர டப்பாவில் அடுக்கினாள். நொறுங்காமல் இருக்க அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்தாள். சிவப்பு ரிப்பன் கட்டினாள். காரில் ஏற்றிவிட்டு வந்து, "கேட்டு வாங்கிட்டுப் போனான் பாரு" என்று என் வாசலில் நின்று சொன்னாள். மறுநாள் மாலை கோயில் மணி அடித்தபோது அவள் தனியாகத்தான் இருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை.

பண்டிகை முடிந்த பிறகு ஒரு மத்தியானம் நான் அவள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குன்வோர். அவள் குரல் மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்கும்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் இத்தன நாள் கூப்பிடல தோருன். ஆனா அந்த மெரேத்தே ஒண்ணும் லேசுப்பட்டவ இல்லடி. ஏழு வகை! சொன்னா நம்பமாட்டே, வேலைக்கும் போயிக்கிட்டு. க்ரும்காக்கே வாயில வச்சா கரையுது. தப்பா நினைக்காத, உன்னுது எப்பவும் கொஞ்சம் தடிமன்தான். நான்தான் வாய்விட்டுச் சொன்னதில்ல."

தோருன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அங்க சிவப்பு ரிப்பன் கட்டின டப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நல்லா இரு."

வைத்துவிட்டு, என் எதிரிலேயே மகளைக் கூப்பிட்டாள்.

"என் பலகாரத்த மெரேத்தே மேசையில வச்சீங்களா?"

"ஆமாம்மா. வீணாப் போகக்கூடாதேன்னு சிந்த்ரே எடுத்துட்டு வந்தான். அவங்க தட்டுல அடுக்கி வச்சாங்க."

"அது அவ செஞ்சதுன்னு உங்க அத்தை சொல்றா."

"அத்தை வந்ததும் வராததுமா புகழ ஆரம்பிச்சிட்டாங்க. மெரேத்தே ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சிரிச்சாங்க."

"நீ?"

"நான் அப்பா மூஞ்சியப் பார்த்தேன். அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு. எல்லாரும் நல்லாப் பேசிட்டு இருக்கிற நேரத்துல எதுக்கு... அம்மா, பலகாரம்தானே."

"ஆமா," என்றாள் தோருன். "பலகாரம்தான்."

டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க, ஜனவரியில் மெரேத்தேயே வந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நான் என் வாசலில் பனிபடிந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தோருன் அவளை உள்ளே கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"நான் சொல்லியிருக்கணும்," என்றாள் மெரேத்தே. "அந்தக் குடும்பத்துல எல்லாரும் என்னை வேவு பாக்கற மாதிரியே பார்த்தாங்க. முதல் முதலா ஒரு நல்ல வார்த்தை குன்வோர்கிட்ட இருந்து வந்துச்சு. அதை விட மனசு வரல."

"அது எனக்கு வந்த வார்த்தை," என்றாள் தோருன். "முப்பது வருஷம் அவளுக்குச் சுட்டுப் போட்டிருக்கேன். ஒரு நாள்கூட அவ வாயில இருந்து அது வரல. வந்த அன்னிக்கு உன்கிட்ட வந்துச்சு."

மெரேத்தே அழுதாள். தோருன் டப்பாக்களை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடுத்த டிசம்பரில் மாடிப்படியில் வாசனை இல்லை. பிள்ளைகள் போன வருஷம் மாதிரியே முந்தின நாள் மாலை வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். கஞ்சி இருந்தது. பிறகு கடையில் வாங்கின பிஸ்கட்டை, பிளாஸ்டிக் பெட்டியைப் பிரித்து அப்படியே மேசையில் வைத்தாள்.

சிந்த்ரே சிரிக்கப் பார்த்தான். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்போ எங்களப் பழிவாங்குறியா?"

"பழிவாங்கறதுன்னா கசக்கிற மாதிரி செஞ்சு குடுத்திருப்பேனே. மாவுல கை வைக்க முடியலடா. வச்சா, இது யாரு மேசைக்குப் போகுமோன்னுதான் தோணுது."

அவர்கள் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். அப்புறம் சிந்த்ரே குன்வோருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னானாம். "போன வருஷத்துக் கதையை இப்போ எதுக்குத் தோண்டுறே? யார் செஞ்சா என்ன, நல்லா இருந்துச்சு, சாப்பிட்டோம்" என்றாளாம் அவள். தோருனை அவள் அதன் பிறகு கூப்பிடவே இல்லை.

வருஷங்கள் போயின. முந்தின நாள் மாலை வருகை, அரை மணி காப்பியாகச் சுருங்கியது. ஒரு வருஷம் இங்வில் தானே பலகாரம் சுட்டு எடுத்து வந்தாள். தோருன் ஒன்றைக் கடித்து, "நல்லா இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. மகள் எதிர்பார்த்த மன்னிப்பு அதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு, தனியாக இருப்பவர்களுக்காகக் கோயில் கூடத்தில் விருந்து போட்டார்கள். நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றி, வெள்ளைத் துணி விரித்து, யாரோ அவள் தட்டில் இறைச்சி வைத்தார்கள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர், "உங்க வீட்ல இதெல்லாம் செய்வீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"எனக்குச் சமைக்க வராது," என்றாள் தோருன், உருளைக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே.