திருகாணி ஒட்டிய மெத்தை

உடம்பில் எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டால் இழுப்பறை அக்கா, "எங்க வலிக்கலைன்னு கேளுங்க, சீக்கிரம் சொல்லி முடிச்சிடுவேன்" என்பாள்.

பெயர் கடையில் ஒட்டிக்கொண்டது. அவள் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் கவுண்டருக்குப் பின்னால் சுவர் முழுக்க இழுப்பறைகள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றின்மேலும் சீட்டு ஒட்டவில்லை. சீட்டு அவள் தலைக்குள் இருந்தது. தச்சர் ஒருவர் உடைந்த கீலைக் காட்டினால், அதைக் கையில் வாங்காமலே ஏணியை நகர்த்தி ஏறிவிடுவாள். பதினெட்டு வருடத்தில் தப்பான இழுப்பறையைத் திறந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் யார் பேச்சுக் கொடுத்தார்கள் என்பதுவரை அவளுக்கு நினைவிருக்கிறது.

இப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பில் மட்டும் எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போயிற்று. காலையில் தோளில் இருந்த வலி மதியம் இடுப்புக்குப் போகும், சாயங்காலம் முழங்காலில் வந்து உட்காரும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கியவள் மாதிரி இருப்பாள். இரண்டு வருடம் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று பார்த்தார்கள். எல்லாத் தாளிலும் 'நார்மல்'. அந்தச் சொல்லைப் படித்துவிட்டு உறவுக்காரர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனி வலி.

கடைசியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்றார். வியாதிக்குப் பெயர் கிடைத்ததில் அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து டாக்டரம்மாவே கொஞ்சம் பயந்துபோனார். ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'உன் வாடகைக்காரி' என்று வைத்துவிட்டார். வாடகையும் தர மாட்டாள், காலியும் பண்ண மாட்டாள் என்பது அவர் விளக்கம்.

மாத்திரையோடு கூட, மாத்திரைக்குப் பதிலாக அல்ல, சில துணைச் சிகிச்சைகளையும் முயன்று பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வெந்நீர்க் குளத்தில் பயிற்சி, அக்குபங்சர், மசாஜ், மூச்சுப் பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம். ஒருத்தருக்கு ஒத்துவருவது இன்னொருத்தருக்கு ஒத்துவராது, ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அக்காவின் அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே மாதத்தில் தங்கைக்கு ஊசி குத்தி, எண்ணெய் தேய்த்து, செம்பு வளையல் மாட்டி, மூச்சுப் பிடிக்கவும் விடவும் வைத்துவிட்டாள். ஒரு புதன்கிழமை இழுப்பறை அக்கா பஞ்சு மாதிரி எழுந்தாள். யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் வியாழக்கிழமை வாடகைக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவளுக்குக் கடைப்புத்தி வந்தது. பூட்டு திறக்காவிட்டால் பத்துச் சாவியையும் ஒரே நேரத்தில் யாராவது நுழைப்பார்களா? வளையலைக் கழற்றினாள், எண்ணெயை நிறுத்தினாள். மாத்திரையை மட்டும் தொடர்ந்து, வெந்நீர்க் குளத்தை எடுத்துக்கொண்டாள்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. குளத்து வகுப்பு செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதிலிருந்து பத்து. கடையில் தச்சர்களும் பிளம்பர்களும் முண்டியடிப்பதும் அதே நேரம்தான். கேட்டவுடனே முதலாளி, போய்ட்டு வாம்மா என்றுதான் சொன்னார். அவளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சலுகை என்று வாங்கினால், 'நார்மல்' பார்வை கடைக்குள்ளும் வந்துவிடும். ஆறு வாரம் நோட்டுப் போட்டு எழுதுகிறேன், வலி குறைந்ததென்று நோட்டு சொன்னால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு, இல்லையென்றால் பழையபடி ஒன்பதுக்கே வருகிறேன் என்றாள். ஒரு தாளிலாவது தன் வலி எழுத்தில் வர வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

வெந்நீரில் கழுத்தளவு நின்று கையை வீசுவது முதல் வாரம் அசட்டுத்தனமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை தினமும் ஒரு எண். ஏழு, ஏழு, எட்டு என்று தொடங்கிய நோட்டு மூன்றாம் வாரம் ஆறுக்கு இறங்கியது. ஆறாம் வாரம் பெரும்பாலும் ஐந்து, இரண்டு நாள் நான்கு. நோட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள், புதிதாகக் கல்யாணமானவள் ஆல்பத்தைச் சுமப்பது மாதிரி.

திங்கட்கிழமை முதலாளியிடம் காட்ட வேண்டும். ஞாயிறு காலை துணி துவைக்க எடுக்கும்போது கடை ஏப்ரனைக் கட்டிலில் உதறினாள். பையிலிருந்து நான்கைந்து இரும்புத் திருகாணிகள் விழுந்தன. மூன்று உருண்டு தரைக்குப் போயின. இரண்டு மட்டும் மெத்தையின் சரிவில் நட்டது மாதிரி நின்றன.

துணியில் திருகாணி நிற்காது. பதினெட்டு வருட அனுபவம். மெத்தை உறையைப் பிரித்தாள். உள்ளே வரிசையாகக் காந்தப் பட்டைகள், அவள் அக்காவின் நெருக்கமான தையலில்.

போன் போட்டாள். அக்கா மறுக்கவில்லை, பெருமைப்பட்டாள். "சொன்னா வேணாம்பேன்னுதான் சொல்லலை. இப்ப வலி குறைஞ்சிருக்கா இல்லையா? வெந்நியாம் வெந்நி. வீட்ல குளிக்கிறப்ப ஊத்திக்காத வெந்நியா?"

பக்கத்தில் வீட்டுக்காரர் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். முப்பது வருடம் ஒரே மனிதரோடு இருந்தால் எந்தச் சிரிப்பு எதை மூடுகிறதென்று தெரிந்துவிடும்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். சாயங்காலக் காபி அவர் கையால்தான். ஒன்றரை மாதமாகக் காபியில் ருசியே இல்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் பாலைக் குற்றம் சொல்லி வந்தவர், தூக்கத்தைக் கெடுக்காத கஃபீன் எடுத்த தூளை வாங்கி, பழைய டப்பாவில் கொட்டி வைத்திருந்தார்.

கல்லூரிக்குப் போகும் மகள் ஓசைப்படாமல் எழுந்தாள்.

"நில்லு. நீ?"

"வைஃபை ரிப்பேர் இல்லம்மா. பத்து மணிக்கு நான்தான் ஆஃப் பண்ணேன். நீ சீரியல் பாத்துட்டே தூங்காம கெடந்தியே."

இழுப்பறை அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். ஆறு வார நோட்டில் ஒரு எண்ணுக்கும் இப்போது சொந்தக்காரர் கிடையாது. இல்லை, நாலு பேர் இருந்தார்கள். அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்கவும் வரவில்லை. நோட்டை அப்படியே காட்டிவிடு, உள்ளே நடந்தது முதலாளிக்கு எப்படித் தெரியும் என்றார் வீட்டுக்காரர். அவள் திருகாணிகளைப் பொறுக்கி ஏப்ரன் பையில் போட்டாள். அவை கடைச் சரக்கு.

திங்கட்கிழமை நோட்டை முதலாளி முன் வைத்துவிட்டு, காந்தம், காபி, வைஃபை மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். வெந்நீர்தான் காரணமென்று எழுதிக் கொடுக்க முடியாது, நாளையிலிருந்து ஒன்பதுக்கே வந்துவிடுகிறேன் என்றாள்.

முதலாளி நோட்டைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கில்லாத கண்ணாடியை அவர் துடைத்தால் விஷயம் இருக்கிறதென்று அர்த்தம்.

"உன் காலுக்குக் கீழ ஒரு ரப்பர் விரிப்புப் போட்டிருக்கேன்ல?"

"போன மாசம், டைல் உடைஞ்சிருக்குன்னு போட்டீங்க."

"தூக்கிப் பாரேன்."

தூக்கினாள். டைல் முழுசாக, பளிச்சென்று இருந்தது. நாள் முழுக்க நிற்பவர்களுக்கென்று விற்கும் கனமான விரிப்பு அது. விலைச்சீட்டுக்கூடப் பின்பக்கம் கிழியாமல் இருந்தது.

"நீங்களுமா முதலாளி?"

"கதவு நாலு கீல்ல ஆடாம நிக்குது. எந்தக் கீல் தாங்குதுன்னு தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போற?"

"ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்பேன்."

முதலாளி சிரிக்கவில்லை. பதினெட்டு வருடமாக அவளைத் தெரியும் அவருக்கு. "கழட்டு. ஆனா அது முடியற வரைக்கும் வெந்நி மாறக் கூடாதுல்ல? ஒண்ணை மட்டும்தானே மாத்தணும், அதான உன் சட்டம்? அப்ப அந்த ஒரு மணி நேரம் உன்கிட்டயே இருக்கட்டும்."

மறுக்க அவளிடம் சட்டம் இல்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி நான்கு கட்டம் போட்டாள்.

முதலில் காந்தம் வெளியே போனது. எண் அசையவில்லை. ரத்தத்தில் ஊறிய காந்தம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்று அக்கா தினமும் போனில் கண்டித்தாள். அடுத்துப் பழைய காபி வந்தது. ருசியும் வந்தது, தூக்கம் போனது, எண் ஆறானது. நல்ல காபியை அவளே கைப்பட மூட்டை கட்டினாள், கொஞ்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. வைஃபை பத்து மணிக்கு மேலும் ஓடிய வாரத்தில் சீரியல் நாயகிக்கு நினைவு திரும்பியது, இவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மகள் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கோபமாக இருந்தது.

நான்காவது கட்டம் ரப்பர் விரிப்பு. அந்தத் திங்கட்கிழமை வெறுந்தரையில் நிற்க மனதைத் தேற்றிக்கொண்டு சீக்கிரமே வந்தாள். விரிப்பைச் சுருட்டினாள். அடியில் டைல் நாலு துண்டாக உடைந்து, ஒரு விளிம்பு பிளேடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

கவுண்டர் மேல் ஒரு சுத்தியல் கிடந்தது. இருநூற்று ஏழாம் இழுப்பறையில் இருக்க வேண்டிய சுத்தியல். முதலாளி மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பெயின்ட் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார், எண்ணியதையே திரும்ப.

இழுப்பறை அக்கா சுத்தியலை அதன் இடத்தில் வைத்தாள். விரிப்பைப் பழையபடி விரித்து அதன்மேல் ஏறி நின்றாள். நோட்டை எடுத்து நான்காவது கட்டத்தில், 'கழற்ற இயலவில்லை, தரை பழுது' என்று எழுதி, தேதி போட்டாள்.

முதல் தச்சர் உள்ளே வந்து கையிலிருந்த கீலை நீட்டினார். அவள் ஏணியை நகர்த்தினாள்.